கொந்தளிப்பான நேரத்தில் சொந்தக் கருத்தை உள்ளே வைப்பது: கொங்கு நாட்டிலிருந்து வெளியுறவுப் பணிக்குப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

2024 ஆகஸ்ட் 5-ஆம் தேதி வங்கதேசப் பிரதமராக இருந்த ஷேக் ஹசீனா டாக்காவை விட்டு வெளியேறினார். உலகத்துக்கு அது அரசியல் செய்தி. கொங்கு நாட்டுக்கு அது தொழில் செய்தி. ஆயத்த ஆடையில் திருப்பூருக்கு நேர்ப் போட்டி வங்கதேசம். அதே வங்கதேசம்தான் நம் பக்கத்து நூல் மில்களுக்கு முக்கியமான வாடிக்கையாளரும். அங்கே கம்பெனிகள் மூடிக் கிடந்தால், ஆர்டர் இந்தப் பக்கம் திரும்புமா என்று பனியன் கம்பெனிக்காரர் பார்ப்பார். அனுப்பிய நூலுக்குப் பணம் வருமா என்று மில்லுக்காரர் தவிப்பார். இரண்டு பேரும் ஒரே கல்யாணத்தில், ஒரே பந்தியில், பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பார்கள். எதிர் வரிசையில் விடுப்புக்கு வந்த நீங்கள்.

"ஏந்தம்பி, நீங்க வெளிநாட்டு ஆபீஸ்ல இருக்கறீங்க, உங்களுக்குத் தெரியாததா? அந்தம்மா திரும்ப வருமா, வராதா?"

இந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை மறுநாள் காலையில் "தூதரகத்துல இருக்கற நம்ம பையனே சொல்லீட்டான்" என்று ஊரைச் சுற்றும். அதை நம்பி ஒருவர் நூலை நிறுத்துவார், இன்னொருவர் கடன் வாங்கி மெஷின் போடுவார். அரசாங்க ரகசியத்தை நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொந்த அனுமானத்தைச் சொல்லியிருந்தாலே போதும், சேதம் நடந்துவிடும்.

குடிமைப்பணித் தேர்வு நேர்முகத்துக்குத் தயாராகும் நம் பக்கத்துப் பிள்ளைகளோடு நிறையப் பேசுகிறவன் நான். விதி எண் கேட்டால் சரியாகச் சொல்கிறார்கள். பந்தியில் என்ன சொல்வது என்று கேட்டால் திணறுகிறார்கள். இந்த வழிகாட்டி அந்தத் திணறலுக்காக எழுதியது.

முன்னாலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கருத்தே இல்லாதவர் நல்ல தூதராக முடியாது. அந்த நாட்டைப் பற்றித் தெளிவான, காரமான கருத்து உங்களுக்கு இருந்தே ஆக வேண்டும், அதற்குத்தான் சம்பளம். அந்தக் கருத்து யார் காதுக்குப் போகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதல் படி: விதியை நீங்களே படியுங்கள்

யாரோ சொன்னதைக் கேட்டு வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்றைப் படித்தால் போதும்.

ஒன்று, 1961-இல் வந்த தூதரக உறவுகளுக்கான வியன்னா ஒப்பந்தம். அதன் 41-ஆம் பிரிவு, போன நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டும், அதன் உள்விவகாரத்தில் தலையிடக் கூடாது என்கிறது. 9-ஆம் பிரிவு அதைவிட முக்கியம். அந்த நாடு உங்களை ஏற்கத்தகாதவர் என்று எப்போது வேண்டுமானாலும் அறிவித்து அனுப்பிவிடலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. வாதாட இடமே கிடையாது.

இரண்டு, மத்திய குடிமைப்பணி நடத்தை விதிகள், 1964. அதில் 9-ஆம் விதியை அடிக்கோடிட்டுப் படியுங்கள். அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிப்பதை மட்டும் அது தடுக்கவில்லை. மத்திய அரசுக்கும் ஒரு வெளிநாட்டு அரசுக்கும் உள்ள உறவைச் சங்கடத்தில் தள்ளக்கூடிய பேச்சையும் தடுக்கிறது. நீங்கள் சொன்னது உண்மையா பொய்யா என்ற கேள்வியே அங்கே எழாது. 5-ஆம் விதி கட்சி, தேர்தல் பற்றியது. 8-ஆம் விதி பத்திரிகை, ஊடகம் பற்றியது.

மூன்று, வெளியுறவுப் பணிக்கென்றே 1961-இல் போட்ட தனி நடத்தை விதிகள். மேலே சொன்னதோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. அலுவல் ரகசியச் சட்டம், 1923 இவற்றுக்கெல்லாம் மேலே நிற்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் அது உங்களை விடாது.

இரண்டாம் படி: சுத்தம் ஊரிலிருந்து தொடங்கட்டும்

தேர்ச்சிப் பட்டியல் வந்த அன்று சாயங்காலமே உங்கள் ஊர் முக்கில் பிளக்ஸ் ஏறிவிடும். கோபியோ தாராபுரமோ பல்லடமோ, எங்கேயும் அப்படித்தான். நடுவில் உங்கள் படம், மேலே வட்டத்துக்குள் கட்சித் தலைவர்களின் படங்கள், கீழே ஒன்றியச் செயலாளர் கைகூப்பி நிற்பார். ஊர்க்காரர்கள் ஆசையாக வைப்பது. அவர்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படம் இணையத்தில் ஏறிவிட்டால் இறங்காது. பத்து வருடம் கழித்து நீங்கள் பணியில் இருக்கும் நாட்டில் ஒரு பத்திரிகைக்காரர் உங்கள் பெயரைத் தேடும்போது முதலில் அதுதான் வந்து நிற்கும்.

அதனால் பட்டியல் வரும் முன்பே, கட்சியில் இருக்கும் சித்தப்பாவையோ பெரியப்பாவையோ பார்த்து நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: "பிளக்ஸ் வைக்கறதுன்னா ஊர்ப் பொதுமக்கள்னு போட்டு வையுங்க பெரியப்பா. தலைவருங்க படம் மட்டும் வேண்டாமுங்க. என்ற வேலைக்கு ஆகாது." சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். நம் ஊரில் வேலைக்கு ஆகாது என்பதை மிஞ்சிய காரணம் இல்லை.

பாராட்டு விழாவுக்கும் இதே கதைதான். பணியில் சேர்ந்த பிறகு உங்களைக் கௌரவிக்க நடக்கும் கூட்டத்தில் முன் அனுமதி இல்லாமல் கலந்துகொள்ளக் கூடாது. 1964 நடத்தை விதிகளில் 14-ஆம் விதி அதைச் சொல்கிறது. சமுதாயச் சங்கம் மேடை போட்டு, அதே மேடையில் தொகுதிப் பிரச்சினையும் கூட்டணியும் பேசுவார்கள் என்றால், அனுமதி கிடைக்கக்கூடியதாக இருந்தாலும் போகாதீர்கள் என்பேன். வீட்டுக்கு வந்து சால்வை போர்த்துகிறவரை வேண்டாம் என்று தள்ள வேண்டியதில்லை. மைக் இருக்கும் இடத்தில்தான் கவனம்.

அடுத்து வீட்டுச் சுவர். தேர்தல் வந்தால் நம் பக்கத்து ஊர்களில் காம்பவுண்டுச் சுவர் எல்லாம் சின்னம்தான். அரசு ஊழியர் தன் உடலிலோ வாகனத்திலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தைக் காட்டுவது தேர்தலில் தன் செல்வாக்கைப் பயன்படுத்தியதாகும் என்று 5-ஆம் விதியின் விளக்கம் சொல்கிறது. அப்பா கிளைச் செயலாளராக இருக்கலாம். சாதாரணக் கட்சி வேலையை அவர் செய்வதை எந்த விதியும் தடுக்கவில்லை. ஆனால் நீங்கள் விடுப்பில் வந்து தங்கும் வீட்டுச் சுவரிலும், நீங்கள் ஓட்டும் காரின் கண்ணாடியிலும் சின்னம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கெட் சுண்ணாம்பு போதும்.

ஓட்டு உங்கள் உரிமை. வெளிநாட்டில் பணியில் இருக்கும் அரசு ஊழியர் சேவை வாக்காளர். படிவம் 3 நிரப்பிச் சொந்தத் தொகுதியிலேயே பெயரைச் சேர்த்துத் தபால் ஓட்டுப் போடலாம். உடன் இருக்கும் மனைவிக்கோ கணவனுக்கோ அந்த வசதி உண்டு. யாருக்குப் போட்டோம், போடப் போகிறோம் என்பதை மட்டும் காட்டிக்கொள்ளக் கூடாது. அம்மிச்சியே கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "போட்டாச்சுங் அம்மிச்சி. யாருக்குன்னு சொல்லக் கூடாதுன்னு சட்டமுங்."

மூன்றாம் படி: பந்தியில் சொல்ல நாலு வாக்கியம்

இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இதுதான், ஏனென்றால் நம் ஊரில் பேசாமல் இருக்கவே முடியாது. வாயை மூடிக்கொண்டால் "படிச்ச திமிரு" என்பார்கள். பேசினால் மேலே சொன்ன கதை. அதனால் பேச வேண்டும், நிறையப் பேச வேண்டும், ஆனால் ஆருடம் சொல்லக் கூடாது.

எனக்குத் தெரிந்த நல்ல வழி, கேள்வியை அரசியலிலிருந்து கேட்டவரின் சரக்குக்குத் திருப்புவது. பெரும்பாலும் அவர் உண்மையில் கேட்க வந்ததும் அதுதான்.

"அவங்க நாடு, அவங்க முடிவு பண்ணிக்குவாங்க மாமா. உங்க சரக்கு எங்க நிக்குதுங்க? துறைமுகத்துலயா, குடோன்லயா?"

இப்போது பேச்சு உங்கள் கைக்கு வந்துவிட்டது. அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அப்புறம் பொதுவில் இருக்கும் தகவலை எடுத்துக் கொடுங்கள்: வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரை எங்கே பார்ப்பது, அந்த நாட்டில் இருக்கும் நம் தூதரகத்தின் வணிகப் பிரிவுக்கு எப்படி எழுதுவது, கலவரத்தால் பணம் வராமல் போனால், ஏற்றுமதிக்காரர்களுக்கான அரசு நிறுவனமான ஈசிஜிசி கொடுக்கும் காப்பீடு அதைத் தாங்குமா என்று பாலிசியில் எந்த இடத்தைப் படிப்பது. அரசியல் ஆபத்து என்று அந்தக் காப்பீட்டில் தனியாகவே இருக்கிறது. உள்நாட்டுக் கலவரமும் இறக்குமதித் தடையும் அதில்தான் வரும். ஹசீனா வருவாரா என்பதைவிட இது அவருக்குப் பத்து மடங்கு உதவும்.

விடாமல் கேட்பவர்கள் இருப்பார்கள். "எங்க கிட்டச் சொல்றதுக்கு என்ன, நாங்க யார்கிட்டச் சொல்லப் போறோம்?" அதற்கு ஒன்று: "நான் ஒண்ணு சொல்லி, அதை நம்பி நீங்க ஆர்டர் எடுத்து, நாளைக்கு மாறிப் போச்சுன்னா உங்க முகத்துல நான் எப்படி முழிக்கறதுங்க?" இதில் விதியும் இல்லை, ரகசியமும் இல்லை. உறவு இருக்கிறது. கொங்கு நாட்டில் இந்த வாதம் தோற்று நான் பார்த்ததில்லை.

செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. "அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க" என்று புருவத்தை உயர்த்தி, ஏதோ தெரியும் என்பதுபோலச் சிரிக்காதீர்கள். அந்தச் சிரிப்பே ஒரு கருத்துதான். அதை வைத்து ஊர் தன் இஷ்டத்துக்கு ஒரு கதை கட்டும். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் முகம் ஒன்றுபோலவே இருக்கட்டும்.

இந்தியச் சரக்கின் மேல் அமெரிக்கா போட்ட வரி 2025 ஆகஸ்ட் 27-இல் 50 சதவீதத்துக்கு ஏறியபோது திருப்பூரிலும் கரூரிலும் எல்லோர் வாயிலும் டிரம்ப் பெயர்தான். அப்படிப்பட்ட நாளில் ஒரு வெளிநாட்டுத் தலைவரைத் திட்டும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால், தலையைக்கூட ஆட்டாதீர்கள். வருத்தத்தில் பங்கெடுங்கள், வேலை போன தையல்காரரைப் பற்றிக் கேளுங்கள். திட்டு மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டாம்.

நான்காம் படி: கைபேசி

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப், பள்ளித் தோழர்கள் குரூப், குலதெய்வக் கோயில் குரூப் எதையும் விட்டு வெளியேற வேண்டாம். வெளியேறுவதும் ஒரு செய்தியாகிவிடும். சத்தத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு நல்லது கெட்டதுக்கு மட்டும் வாருங்கள். அரசியல் ஃபார்வர்டுக்குக் கட்டைவிரல் போடுவது, சிரிப்பு பொம்மை போடுவது, ஸ்டேட்டஸ் வைப்பது எல்லாம் கருத்துதான். குரூப்புக்கு நீங்கள் அட்மினாக இருந்தால் அதை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். கல்லூரிக் காலத்தில் போட்ட பதிவுகளைப் பணியில் சேரும் முன்பே ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். கணவனோ மனைவியோ போடும் பதிவையும் அந்த நாட்டுப் பத்திரிகை தூதரகத்தின் பதிவாகத்தான் பார்க்கும். இதைக் கல்யாணத்துக்கு முன்பே பேசி வைப்பது நல்லது.

ஐந்தாம் படி: அந்த நாட்டில், கலவரம் தொடங்கிய நாளில்

2022 ஜூலை 9-ஆம் தேதி கொழும்பில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். சில நாளில் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச நாட்டைவிட்டுப் போனார். அவர் தப்பிக்க இந்தியா உதவியது என்று செய்தி கிளம்பியதும், அது ஆதாரமற்றது என்று இந்தியத் தூதரகம் மறுத்தது. இலங்கை மக்களோடு இந்தியா நிற்கும் என்றும் சொன்னது. அந்த வாரத்தில் தூதரகத்தின் இளநிலை அதிகாரி ஒருவர் ஒரு டீக்கடையில் "போகட்டும், நல்லதுதான்" என்று சொல்லியிருந்தால், அந்த மறுப்புக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

அதனால் முதல் வேலை, பேசும் வாய் எது என்று தெரிந்துகொள்வது. தூதரும், அவர் நியமித்த ஆளும், டெல்லியில் அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளரும் மட்டுமே பேசுவார்கள். அவர்கள் சொன்ன வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள். "நிலைமையைக் கூர்ந்து கவனித்து வருகிறோம்" என்பது சலிப்பாக இருக்கலாம், ஆனால் அதில் யாருக்கும் குற்றம் பிடிக்க இடமில்லை.

இரண்டாவது, எல்லோரையும் பாருங்கள். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, மாணவர் அமைப்பு, வணிகர் சங்கம், மத அமைப்பு. இன்று தெருவில் கத்துகிறவர் ஆறு மாதம் கழித்து அமைச்சராக இருப்பார். சந்திப்பில் கேள்வி மட்டும் உங்களுடையது. "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டால், "இந்த நாட்டு மக்கள் தேர்ந்தெடுப்பதோடு நாங்கள் வேலை செய்வோம்" என்பதைச் சிரிக்காமல், இழுக்காமல் சொல்லப் பழகுங்கள். கண்ணாடி முன் நின்று பழகினாலும் தப்பில்லை.

மூன்றாவது, உடம்பும் பேசும். போராட்டம் நடக்கும் இடத்தை வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். ஊர்வலத்தில் என்ன நிறத் துணி, ரிப்பன் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு அந்த நிறத்தை அலமாரியிலேயே விடுங்கள். காரோட்டியும் சமையல்காரரும் அந்த நாட்டுக்காரர்கள். அவர்களுக்கும் ஒரு பக்கம் உண்டு. காரில் போனில் பேசுவது அவர் காதில் விழும். வீட்டில் டிவி செய்தியைப் பார்த்து நீங்கள் போடும் 'ச்சே' கூட விழும். தமிழில் பேசினால் புரியாது என்று நினைக்காதீர்கள். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை மட்டுமல்ல, தமிழ் தெரிந்தவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதெல்லாம் எதற்கு என்று அலுப்பு வரும்போது 2023 ஏப்ரல் சூடானை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு படைகள் தலைநகரத்துக்குள்ளேயே சண்டை போட்டன. இந்தியர்கள் பஸ்ஸில் கார்ட்டூமிலிருந்து சூடான் துறைமுகத்துக்கு ஏறக்குறைய 850 கிலோமீட்டர் போய், அங்கிருந்து ஜெட்டா வழியாக ஊர் வந்தார்கள். ஆபரேஷன் காவேரி என்று பெயர். 3,800-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பினார்கள். அந்த மாதிரிப் பாதையில் அடுத்த சாவடியில் எந்தப் படை நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. தூதரகம் ஒரு பக்கம் சாய்ந்தது என்ற பேச்சு இருந்தால் இன்னொரு பக்கத்தின் சாவடியில் பஸ் நின்றுவிடும். உங்கள் மௌனத்தின் மேல்தான் அந்தக் குடும்பங்கள் பயணம் செய்கின்றன. எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு பிடிவாதம் வந்ததற்குக் காரணமே அதுதான்.

ஆறாம் படி: கருத்து போக வேண்டிய இடம்

உள்ளே அடக்கியதெல்லாம் எங்கே போகும்? தலைமையகத்துக்கு அனுப்பும் அறிக்கைக்குப் போகும். அங்கே மழுப்பக் கூடாது. "இந்த அரசு மூன்று மாதம் தாங்காது என்று நினைக்கிறேன்" என்றால் அப்படியே எழுதுங்கள். கண்ணால் பார்த்தது, பிறர் சொன்னது, நீங்கள் நினைப்பது, இந்தியா செய்ய வேண்டியது என்று நாலையும் தனித்தனிப் பத்தியில் வைத்தால் படிப்பவர் குழம்ப மாட்டார்.

அமெரிக்காவில் பிரிட்டிஷ் தூதராக இருந்த கிம் டாரோக், டிரம்ப் நிர்வாகம் திறமையற்றது என்று தன் அரசுக்கு ரகசியமாக எழுதினார். 2019 ஜூலையில் அது கசிந்தது, டிரம்ப் சீறினார், ஜூலை 10-ஆம் தேதி டாரோக் ராஜினாமா செய்தார். அவர் மேல் தப்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை. எழுத வேண்டியதை எழுத வேண்டியவர்களுக்கு எழுதினார், கசியவிட்டவர்தான் குற்றவாளி. ஆனாலும் ஒன்று கற்றுக்கொள்ளலாம்: அடைமொழியைக் குறைத்து நிகழ்ச்சியை அதிகம் எழுதுங்கள். "திறமையற்றவர்" என்று எழுதுவதற்குப் பதில் அவர் எந்தக் கூட்டத்தில் எந்த முடிவை எத்தனை முறை மாற்றினார் என்று எழுதினால், படிப்பவருக்கும் பயன்படும். கசிந்தாலும் அடி குறையும்.

சொந்த அரசின் கொள்கையே தப்பு என்று பட்டால்? அதற்கு என் மனதில் நிற்பவர் ஆர்ச்சர் பிளட். 1971-இல் டாக்காவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் தலைவர். கிழக்குப் பாகிஸ்தானில் (இன்றைய வங்கதேசம்) பாகிஸ்தான் ராணுவம் மக்களைக் கொன்று குவிப்பதைத் தன் அரசு கண்டுகொள்ளவில்லை என்று, ஏப்ரல் 6-ஆம் தேதி அங்கிருந்த 20 அமெரிக்க அதிகாரிகள் கையெழுத்திட்ட கண்டனத் தந்தியைத் தன் துறைக்கே அனுப்பினார். பத்திரிகையைத் தேடிப் போகவில்லை. அதிபர் நிக்சனும் அவரது ஆலோசகர் கிஸ்ஸிங்கரும் கோபப்பட்டார்கள். டாக்காவிலிருந்து அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். கொள்கை உடனே மாறவும் இல்லை. ஆனால் அன்று ஒருவர் உண்மையைச் சொன்னார் என்பது கோப்பில் நின்றுவிட்டது. நம் அலுவலகத்தில் இதற்கு இருக்கும் வழி கோப்பில் குறிப்பு எழுதுவது. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். தேதி போட்டு எழுதுங்கள். மேலதிகாரி மாற்றி முடிவெடுத்தால், வெளியே அந்த முடிவை உங்களுடையதாகவே பேசுங்கள்.

கோவையிலிருந்து உலக மேசைக்குப் போன ஆர்.கே. சண்முகம் செட்டியாரையும் இங்கே சொல்ல வேண்டும். 1932-இல் பிரிட்டிஷ் பேரரசு நாடுகளின் வணிகம் பேசிய ஒட்டாவா மாநாடு, 1944-இல் உலக நிதி ஏற்பாடு பேசிய பிரெட்டன் வுட்ஸ் மாநாடு, இரண்டிலும் இந்தியாவுக்காக உட்கார்ந்தவர். அவர் நீதிக்கட்சிப் பக்கம் நின்றவர், காங்கிரஸ்காரர் இல்லை. ஆனாலும் 1947-இல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் அவர்தான். எந்தப் பக்கத்துக்கும் பயன்படும் வேலை செய்திருந்தால் பக்கம் மாறினாலும் கூப்பிடுவார்கள்.

ஏழாம் படி: இதற்கு மேல் முடியாது என்ற இடம்

அந்த இடம் உண்டு. இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னதாகும். 1971 ஏப்ரல் 18-ஆம் தேதி, கல்கத்தாவில் பாகிஸ்தானின் துணைத் தூதராக இருந்த ஹுசைன் அலி, தன்னோடு இருந்த வங்காளி ஊழியர்களோடு வங்கதேசத்தின் பக்கம் போனார். 2021 பிப்ரவரி 26-இல் மியான்மரின் ஐ.நா. தூதர் சியாவ் மோ துன், தன் நாட்டு ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பொதுச்சபையிலேயே பேசி, எதிர்ப்பின் அடையாளமாக மூன்று விரல்களை உயர்த்தினார். இருவரும் தங்கள் நாடு எது என்ற கேள்விக்கே பதில் சொல்ல வேண்டிய நிலைக்கு வந்தவர்கள். ஒரு கொள்கை பிடிக்கவில்லை, ஒரு அமைச்சரைப் பிடிக்கவில்லை என்பது அந்த நிலை அல்ல.

உங்களுக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றால் முறை இதுதான்: முதலில் கோப்பில் எழுதுங்கள். அப்புறம் வேறு பணியிடம் கேளுங்கள். அதுவும் தாங்காவிட்டால் ராஜினாமா. அது ஏற்கப்பட்ட பிறகு பேச்சு. வரிசையை மாற்றி, பதவியில் இருந்துகொண்டே பெயர் போடாமல் பத்திரிகைக்குச் சொல்வதை நான் துணிச்சல் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் எல்லோர் மேலும் சந்தேகம் விழும்.

வாய் தவறிவிட்டால்

யாருக்கும் நடக்கும். அன்று ராத்திரியே தூதரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். மறுநாள் பத்திரிகையில் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. என்ன சொன்னீர்கள், யார் இருந்தார்கள், யார் பதிவு செய்தார்கள் என்று ஞாபகம் இருக்கும்போதே எழுதி வையுங்கள். பதிவு போட்டிருந்தால் சொல்வதற்கு முன் அழிக்காதீர்கள். அதற்குள் யாராவது படம் எடுத்திருப்பார்கள், அழித்தது இன்னொரு செய்தியாகும். நீங்களாக விளக்கம் கொடுக்கக் கிளம்பாதீர்கள். மறுப்பு எழுத வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்பதைத் தூதர் முடிவு செய்வார். ஊரில் பேசியது என்றால், அதைக் கேட்டு ஆர்டரோ கடனோ முடிவெடுக்கப் போகிறவரை மட்டும் நேரில் பார்த்து, "நான் சொன்னதை வெச்சு எதுவும் பண்ணீறாதீங்க, அது என்ற சொந்த நினைப்பு" என்று சொல்லிவிட்டு வாருங்கள். போனில் வேண்டாம்.